டிவியே பார்க்காத பிள்ளை

"நான் டிவியே பார்க்கிறதில்ல அங்கிள்" என்று நம்மாள் சொல்லும்போது முகத்தில் ஒரு விரதக் களை வந்துவிடும். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் வருவதே இல்லை என்பவர்களிடம் பார்க்கலாமே, அந்தக் களை. வயது இருபத்துநாலு. குரோம்பேட்டையிலும் இருப்பான், கோவை சரவணம்பட்டியிலும் இருப்பான். வேலையில் இருப்பான், அல்லது வேலைக்கான அழைப்பு மெயிலுக்குக் காத்திருப்பான். கூடத்துச் சுவரில் 43 அங்குல டிவி தொங்கும். அதற்கு முதுகைக் காட்டி சோபாவில் சரிந்துகொண்டு, உள்ளங்கை அகலத் திரையில் சாயங்காலம் தொடங்கி நடுநிசி தாண்டும்வரை எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான். அது டிவி கணக்கில் வராதாம்.

அவனை முழுசாகப் புரிந்துகொள்ள ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான் சரி. தட்டில் தோசை விழுந்தாயிற்று. நம்மாள் போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைக்கிறான். வழுக்குகிறது. சட்னிக் கிண்ணத்தை முன்னால் முட்டுக் கொடுக்கிறான். நின்றுவிட்டது. எதுவும் ஓடாமல் அவனுக்குத் தோசை இறங்காது. எனவே தேடல் ஆரம்பம். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகிறது. கொலை விசாரணைத் தொடர்: சாப்பிடும்போது பிணம் வேண்டாம். ஆவணப்படம்: ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் (எந்த ஞாயிறு என்று கேட்கக் கூடாது). ஆபீசில் எல்லாரும் பேசுகிற தொடர்: மூன்று சீசன் ஆகிவிட்டது, இனிமேல் ஏறினால் இறங்க முடியாது. எல்லாவற்றையும் 'பிறகு பார்க்க' பட்டியலில் போட்டு வைக்கிறான். அந்தப் பட்டியலுக்குள் போனது எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. "தோசை வரட்டி ஆயிடுச்சுடா" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல். கடைசியில் எதைப் போடுகிறான் தெரியுமா? வடிவேலு காமெடி. வரிக்கு வரி மனப்பாடமான காமெடி. அது ஓட ஆரம்பிக்கும்போது தட்டில் தோசை இல்லை. "இன்னொண்ணு போடும்மா, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்கிறான்.

அவன் அப்பாவுக்கு இந்த அவஸ்தை இருந்ததில்லை. 1975இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. அப்புறம் ரொம்ப வருஷத்துக்கு, போடுவதா அணைப்பதா என்பது ஒன்றுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை படம், நடுவில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்'. அந்த அட்டையையும் கண்கொட்டாமல் பார்த்த தலைமுறை அது. 1987இல் ராமாயணம் வந்தபோது, ஒரு வார்த்தை இந்தி தெரியாதவர்களும் டிவி உள்ள வீட்டுத் திண்ணையில் இடம்பிடித்தார்கள். 1993இல் சன் டிவி வந்தது. 1999இல் 'சித்தி' வந்து, ராத்திரிச் சமையலை நேரத்தோடு முடிக்கும் நல்ல பழக்கத்தைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2006இல் வந்த ஆட்சி, டிவி இல்லாத வீட்டுக்குக் கலர் டிவியே கொடுத்தது. எது வந்தாலும் நேரத்தை டிவிதான் சொல்லும். நாம்தான் கைகால் கழுவிக்கொண்டு போய் உட்கார வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து சில மாதம் டேட்டாவைச் சும்மா அள்ளிக் கொடுத்தது. நேரம் சொல்லும் அதிகாரம் அன்றைக்கு நம்மாளின் கட்டைவிரலுக்கு வந்தது. அவன் அப்போது பத்தாம் வகுப்பு. மார்க் விவரத்தை அவன் அம்மாவிடம் கேட்காதீர்கள்.

அதிகாரம் கிடைத்தவன் முதலில் கை வைத்தது வேகத்தில். யூடியூபில் எதைப் போட்டாலும் ஒன்றரை மடங்கு. ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஏலம் விடுகிறார். விவாகரத்துக் காட்சியில் கணவனும் மனைவியும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோலப் பிரிகிறார்கள். பாட்டு வந்தால் இரண்டு தட்டு, பத்து வினாடி தள்ளிப் போகும். பின்கதை வந்தால் நாலு தட்டு. அப்புறம் "இவன் ஏன் அவனைக் கொன்னான்?" என்று நம்மிடமே கேட்பான்.

"எதுக்குடா இவ்வளவு அவசரம்?" என்றேன்.

"நிறைய பெண்டிங் இருக்கு அங்கிள்."

இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்கிறான் என்றும் பார்த்தேன். அதே படத்துக்கு நாலு பேர் சொல்லும் விமர்சனம், முடிவை விளக்கும் வீடியோ, அதன்பின் எவனோ ஒருவன் அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்த்து வாய்பிளக்கும் ரியாக்‌ஷன் வீடியோ. நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் டிவி பார்த்தோம். நம்மாள், பக்கத்து வீட்டுக்காரன் டிவி பார்ப்பதைப் பார்க்கிறான்.

தமிழ்ப் படத்துக்கும் ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்வான். இதில் மட்டும் நான் அவன் கட்சி. இப்போதெல்லாம் கதாநாயகன் முணுமுணுக்கிறார், பின்னணி இசை இடிக்கிறது. என்ன சொன்னார் என்று எழுதிக் காட்டினால்தான் உண்டு.

சந்தா விஷயத்தில் நம்மாள் கூட்டுறவுக் கொள்கைக்காரன். கல்லூரி நண்பனின் அக்கா வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டுகிறார். இவன் அதில் 'கிட்ஸ்' என்ற பெயருக்குள் குடியிருந்தான். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று இந்தியாவிலும் சொல்லிவிட்டது. நம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது வேறு ஒரு ஆப், வேறு ஒரு மச்சான். ராத்திரி பதினொன்றரைக்கு, "மச்சி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுடா" என்று அவன் குழைகிற குழைவில் ஒரு பங்கையாவது சம்பளம் கூட்டிக் கேட்பதில் காட்டியிருந்தால் சொந்தமாகவே சந்தா கட்டியிருக்கலாம்.

கூடத்து டிவி தாத்தாவுடையது. கேபிள் கனெக்‌ஷனை எடுத்துவிடலாம் என்று நம்மாள் பல தடவை சொல்லிப் பார்த்தான். தாத்தா காதில் வாங்கவில்லை. இந்தத் தகராறில் யார் ஜெயித்தது என்பது ஐபிஎல் சமயத்தில் தெரியும். சென்னை அணிக்குக் கடைசி ஓவர். நம்மாள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்க்கிறான். இணையம் வழியாக வரும் ஆட்டம் கேபிளைவிடச் சில பல வினாடி பின்னால்தான் வரும். போனில் பவுலர் இன்னும் பந்தைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கூடத்தில் தாத்தா, "போச்சு! போல்டு!" என்கிறார்.

"தாத்தா! சொல்லாதீங்க தாத்தா!"

"நான் எங்கேடா சொன்னேன், வாயில தானா வந்துடுச்சு."

அடுத்த பந்துக்கு தாத்தா வாயைப் பொத்திக்கொள்கிறார். ஆனால் எதிர்வீட்டில் விசில். கட்டைவிரலில் உலகத்தையே வைத்திருக்கிற பிள்ளைக்கு, அவன் தெருவிலேயே கடைசியாகத்தான் சேதி வருகிறது.

சீரியல் என்றாலே அவனுக்கு இளக்காரம். "பாட்டி, அதே அழுகை, அதே மாமியார், எப்படி பாட்டி வருஷக்கணக்கா பாக்கறீங்க?" என்பான். 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை ஓடியதைப் பாட்டி ஒருநாள் விடாமல் பார்த்தவர். பதில் சொல்வதில்லை. ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்து, சார்ஜரை ஆபீசில் விட்டுவிட்டு வந்திருந்தான். வேறு வழியில்லாமல் சுவர் டிவியில் கொரியத் தொடரைப் போட்டான். பதினாறு எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பணக்காரப் பையன், ஏழைப் பெண். பையனின் அம்மா ஓட்டலில் ஒரு கவரை மேசையில் நகர்த்துகிறாள்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "பணம் கொடுத்து, என் புள்ளையை விட்டுடுங்கறாளா?"

"ஆமா பாட்டி. கொரியன் தெரியுமா உங்களுக்கு?"

"வாங்க மாட்டா பாரு. வெளியே போயி அழுவா. அவனுக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆகும், ஞாபகம் தப்பிடும்."

எட்டாவது எபிசோடில் லாரி வந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது மணிக்கு இருவரும் கூடத்தில். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. நம்மாள் சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஒன்றரை மடங்கில் ஓடினால் வாய் ஈடுகொடுக்காது. ஆகவே உலகத்தார் எல்லாரும் பார்க்கிற வேகத்தில் ஓடுகிறது. தாண்டவும் முடியாது. "அந்த அழற இடத்தை ஏன்டா தள்ளறே, வை" என்று ரிமோட்டைப் பாட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுதான், மிச்சம் நாளைக்கு என்பதும் பாட்டியின் உத்தரவு.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் ஒன்பது மணிக்குப் பாட்டி பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தால், "என்னடா, சீரியல் பாக்கறியாமே" என்று கேட்டு வைக்காதீர்கள். ரோஷப்பட்டு எழுந்து போய்விடுவான். அப்புறம் மிச்சமுள்ள எபிசோடுகளுக்கு நீங்கள்தான் பாட்டிக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.