அடி வாங்கத் தெரிந்தவர்

ஆறடி உயரம், மொட்டைத் தலை, பார்த்தாலே வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுக்கத் தோன்றும் முகம். வாயைத் திறந்தால் மட்டும் பால்வாடிப் பிள்ளை. "சார், பார்த்து உதைங்க, உங்க காலு சுளுக்கிக்கப் போகுது" என்று தன்னை உதைக்க வந்த ஹீரோவுக்காகக் கவலைப்படுவார். கோடம்பாக்கத்துச் சண்டைக் கலைஞர் அப்படித்தான்.

சீரியஸ் படமென்றால் ஹீரோ கை ஓங்கியதும் பறந்துவிடலாம். ஆக்‌ஷன் காமெடியில் அது நடக்காது. அங்கே ஹீரோவுக்குச் சண்டையே தெரியாது. பயந்து குனிவார், கையிலிருக்கும் சாம்பார்க் கரண்டி தவறிப்போய் இவர் தாடையில் படும். ஒரு கணம் நம்ப முடியாமல் முழித்துவிட்டு, அப்புறம்தான் இவர் சாய வேண்டும். முன்னாலேயே சாய்ந்தால் வெறும் சண்டை; பின்னால் சாய்ந்தால் பள்ளிக்கூட நாடகம். இத்தனைக்கும் கரண்டி முகத்துக்கு அரையடி தள்ளித்தான் போகும். இடைவெளியை கேமரா கோணம் மறைத்துவிடும், வலியைக் காட்டுவது இவர் கழுத்து. சத்தம் எஃபெக்ட்ஸில் வரும். கைதட்டல் ஹீரோவுக்கு வரும்.

அடியைவிடப் பெரிய கஷ்டம், சிரிக்கக் கூடாது. யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மயங்கிக் கிடக்கிற இவர் தொப்பை லேசாகக் குலுங்கினால் "ஒன் மோர்!" ஹீரோ காதலைச் சொல்லி முடிக்கும்வரை ஈ.சி.ஆர். வெயிலில், கொதிக்கிற சிமென்ட் தரையில், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாமல் கிடக்க வேண்டும். சாப்பாட்டுக்கு எழுந்தால்கூட உதவி இயக்குநர் சாக்பீஸோடு ஓடிவந்து, கிடந்த உடம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்வார். கண்டினியூட்டியாம். கொலை நடந்த இடத்தில்தான் போலீஸ் அப்படி வரையும்.

மண்டையில் உடைகிற பாட்டிலைச் சர்க்கரைப் பாகில் வார்ப்பது பழைய வழக்கம். பிறகு ரெசின் வந்தது. நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில் சர்க்கரை பாட்டில் இளகிவிடும். உடைய வேண்டியது ஒட்டிக்கொள்ளும். "அன்னிக்குப் பூரா எறும்புதான் சார் எனக்கு வில்லன்" என்பார்.

இவருக்குக் குலதெய்வம் ஜாக்கி சான். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து அவர் மண்டையோடு உடைந்த கதையைப் புதுப் பையன்களுக்குத் தலபுராணம் மாதிரி சொல்வார். ஜாக்கி படத்தின் கடைசியில் தவறிப்போன ஷாட்டுகள் ஓடுமே, ஜனம் செருப்பைத் தேடுகிற அந்த நேரத்தில்தான் இவர் நிமிர்ந்து உட்காருவார்.

சொந்தப் படம் ரிலீஸானால் குடும்பத்தோடு போவார். "அப்பா, நீ எங்கப்பா?" என்று பையன் கேட்பான். "தண்ணித் தொட்டிக்குள்ளருந்து ரெண்டு காலு மேல தெரியுது பாரு, அதான்டா."

தேசிய விருதில் சண்டை அமைப்புக்கென்று ஓர் இடம் 2016-ஆம் ஆண்டுப் படங்களில் தொடங்கித்தான் வந்தது; 'புலிமுருகன்' படத்துக்காக முதலில் வாங்கியவர் பீட்டர் ஹெய்ன். ஆஸ்கரும் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து தரப்போகிறது. நல்லதுதான். ஆனால் அதெல்லாம் சண்டையை அமைத்த மாஸ்டருக்கு. விழுந்தவருக்கு அன்றைய பேட்டாதான்.