கிரேஸின் முப்பது தூக்கல்

பளுதூக்கும் வீரரைப்போல் ஓய்வெடுக்கத் தெரிந்தவர் விளையாட்டு உலகத்தில் வேறு யாருமில்லை. போட்டியன்று மேடையேறி அவர் செய்யவேண்டியது மொத்தமே 6 தூக்கல்: ஒரே வீச்சில் தலைக்கு மேல் போகும் ஸ்நாட்சில் 3, தோளில் ஒரு தரம் நிறுத்தி மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 3. பெயர் சொல்லி அழைத்தால் 1 நிமிடம் அவகாசம். அடுத்தடுத்து அவரே தூக்கவேண்டி வந்தால் பெரியமனது பண்ணி 2 நிமிடம் தருவார்கள். மற்ற நேரமெல்லாம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 149, 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அன்று மேடையில் ‘பார்’ எனும் எடைக்கம்பி அவர் கையில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம் தேறுவதே சந்தேகம். இப்படிப்பட்ட கலை 2000-ஆம் ஆண்டுவாக்கில் கலிஃபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மன் என்பவர் கண்ணில் பட்டது. கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையைத் தொடங்கியவர் அவர். தூக்கல் அவருக்குப் பிடித்திருந்தது. நடுவிலிருந்த நாற்காலிதான் பிடிக்கவில்லை. எடுத்தார் நாற்காலியை. 61 கிலோ பாரைத் தரையிலிருந்து தலைக்கு மேல் 30 முறை கிளீன் அண்ட் ஜெர்க் செய், கடிகாரம் ஓடுகிறது என்றார். இந்தப் பயிற்சிக்குப் பெயர் ‘கிரேஸ்’. அதே எடையை 30 முறை ஸ்நாட்ச் செய்தால் ‘இசபெல்’. நல்ல குடும்பத்துப் பெண்கள் மாதிரி பெயர்கள்; பழகிப் பார்த்தவர்கள் தரையில் மல்லாந்து கிடப்பார்கள்.

கிளாஸ்மன் விளையாட்டாகச் செய்துவிடவில்லை, அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. விசையைத் தூரத்தால் பெருக்கி நேரத்தால் வகுத்தால் திறன். கனமான பாரை நெடுந்தூரம், குறைந்த நேரத்தில், பலமுறை தூக்கினால் திறன் ஏறும், உடம்பும் தேறும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான், பிழையில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஏறுவது சராசரித் திறன். பளுதூக்குதலின் பெருமையோ உச்சத் திறனில் இருக்கிறது. ஸ்நாட்சில் பார் தரையை விட்டுக் கிளம்பி, வீரர் அதன் அடியில் புகுந்து உட்காரும்வரை ஏறக்குறைய ஒரு நொடி. அந்த ஒரு நொடி வெடிப்புக்குத் தசை பயன்படுத்தும் கிரியேட்டின் பாஸ்பேட் இருப்பு, முழு மூச்சாக உழைத்தால் பத்து நொடி அளவில் பெரும்பாலும் தீர்ந்துபோகும். திரும்ப நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். வீரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது சோம்பல் இல்லை, கஜானா நிரம்பக் காத்திருந்தது. கிரேஸில் பத்தாவது தூக்கலுக்கு வரும்போது கஜானா காலி. உடம்பு வேறு எரிபொருளுக்கு மாறிவிடுகிறது, அசைவும் கூடவே மாறிவிடுகிறது: இடுப்பு செய்யவேண்டிய வேலையை முதுகு செய்கிறது, கால் செய்யவேண்டியதைக் கை செய்கிறது. பெயர் மட்டும் கிளீன் அண்ட் ஜெர்க். முழங்கையை மடக்கி நீட்டித் தள்ளினால் ஒலிம்பிக் நடுவர் சிவப்பு விளக்கைப் போடுவார்; ‘தரையிலிருந்து தலைக்கு மேல்’ என்று கிராஸ்ஃபிட் போட்டிகளில் வரும் அசைவுக்கோ, எப்படிப் போனாலும் மேலே போனால் சரி. 1972 வரை ஒலிம்பிக்கில் பிரஸ் என்று மூன்றாவதாக ஒரு தூக்கல் இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து, நின்று தள்ளவேண்டியதைப் படுத்துத் தள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை என்று அந்தத் தூக்கலையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வடிவம் கெட்டால் அந்த விளையாட்டு அவ்வளவு கறாராக இருக்கும்.

இதைப் படிக்கும் பளுதூக்கும் பயிற்சியாளர்கள் இந்நேரம் ‘முதுகு போய்விடும் என்று சொல்லுங்கள்’ என்று எடுத்துக்கொடுப்பார்கள். சொல்ல ஆசைதான், சான்றுகள் ஒத்துழைக்கவில்லை. 2013-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் கிராஸ்ஃபிட்காரர்களுக்கு 1,000 மணிநேரப் பயிற்சிக்கு 3.1 காயம் என்று வந்தது. அது பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றின் அளவுதான் என்றே ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆட்கள் தாங்களே நிரப்பிக்கொடுத்த படிவம் அது, ஆகவே முழுக்க நம்பிவிடவும் வேண்டாம். அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, பாதியில் நின்றவர்களில் பலர் காயத்தால் நின்றார்கள் என்றது. அந்தக் காயக் கணக்கு பொய் என்று தெரியவந்து, வழக்கு நீதிமன்றம் போய், கட்டுரை 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. கிராஸ்ஃபிட்டை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட மானக்கேடு தேவையில்லை. கிராஸ்ஃபிட்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சின்னங்களில் ஒன்று வாந்தியெடுக்கும் கோமாளி. இன்னொன்று, தசை சிதைந்து சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் இயந்திரத்தோடு நிற்கும் கோமாளி. எதிரி சொல்லவேண்டியதை இவர்களே படம் போட்டுச் சட்டையில் மாட்டிக்கொண்டால், எதிரிக்கு என்ன வேலை? ஆகவே ஆபத்து என்ற வாதத்தை நான் கையில் எடுக்கவில்லை. என் புகார் சாதாரணமானது: கடிகாரத்தோடு ஓடும் இந்த வேலைக்கு ஒலிம்பிக் பார் பொருத்தமான கருவி இல்லை.

‘முழு உடம்பும் வேலை செய்கிறதே, இரண்டே நிமிடத்தில் மூச்சு இரைக்கிறதே’ என்பார்கள் கிராஸ்ஃபிட்காரர்கள். இரைக்கும், மறுக்கவில்லை. மாடிப்படியில் ஓடினாலும் இரைக்கும்; துடுப்பு இயந்திரம் இரைக்க வைப்பதற்கென்றே செய்தது, பாரமேற்றிய சறுக்குவண்டியைத் தள்ளினாலும் அதே கதிதான். அவற்றில் களைத்துப்போனால் வேகம் குறையும், அவ்வளவே. ஸ்நாட்ச் ஒழுங்காக வர வருடக்கணக்கில் ஆகும். அப்படிப் பழகிய நுட்பத்தை முதலில் பலிகொடுப்பது களைப்புதான். பொங்கல் விழாவில் ஓடிப்போய் ஊசியில் நூல் கோர்க்கும் போட்டி நடத்துகிறோம்; பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அதற்காக யாரும் அதைத் தையல் வகுப்பு என்று சொல்வதில்லை. கிராஸ்ஃபிட் போட்டியின் முன்னணி வீரர்கள் கடைசித் தூக்கல்வரை அழகாகச் செய்கிறார்களே என்றால், அவர்களுக்கு 61 கிலோ எந்த மூலைக்கு? தங்கள் உச்சத்தில் பாதிகூட இல்லாத எடையை அவர்கள் தூக்குவதைப் பார்த்து, 70 கிலோவை ஒரு தரம் தூக்கவே திணறும் கணக்குப்பிள்ளை அதே 61-ஐ 30 முறைக்குக் குறிவைப்பதுதான் சிக்கல். கிராஸ்ஃபிட்டை ஒரு விளையாட்டு என்று சொன்னால் எனக்கு ஆட்சேபமே இல்லை. விளையாட்டு உடம்புக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

கிராஸ்ஃபிட் தரப்பில் எனக்குப் பிடித்த கேள்வி ஒன்றுண்டு: ரஷ்யர்கள் கெட்டில்பெல்லில் 10 நிமிடம் விடாமல் ஸ்நாட்ச் செய்கிறார்களே, அது மட்டும் எப்படி? அந்தக் குண்டின் எடை பெரிய போட்டிகளில் 32 கிலோ. ஒற்றைக் கையில் ஊசலாகப் போய்வருகிறது, தலைக்கு மேல் கையைப் பூட்டி நிறுத்தி நிதானமாக மூச்சு வாங்கிக்கொள்ளலாம். திரும்பத் திரும்பச் செய்வதற்கென்றே அமைந்த கருவி, அதற்கென்றே வளர்ந்த நுட்பம். ஒலிம்பிக் பார் ஒரே ஒரு தரம் உயரப் போவதற்காகச் செதுக்கப்பட்டது. அதனோடுதான் மல்லுக்கட்டுவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது: நிமிடத்துக்கு ஒன்று வீதம் அரைமணி நேரம் தூக்கலாம். அதே 30 தூக்கல், அதே 1,830 கிலோ, முப்பதாவதும் முதலாவதைப்போலவே இருக்கும். ஜிம் பலகையில் யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்று எழுதுபவர்தான் பாவம். எல்லார் பெயருக்கு நேரேயும் 30 என்றே எழுதவேண்டியிருக்கும்.