மாற்றலில் வந்தவர்

எங்கள் பக்கத்தில் பலாப்பழமும் மாற்றல் உத்தரவும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் பழுத்து விழுகிறவை. வைகாசி மாதத்தில் மாங்காடு, வடகாடு, அணவயல் தோப்புகளிலிருந்து பலா வண்டி வண்டியாக வந்து கீரமங்கலத்துக் கடைகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, எங்கோ தூரதேசத்துத் தலைமை அலுவலகம் ஒன்றில் யாரோ கையெழுத்திட்ட காகிதத்தின் பலனாக, ஒரு கனவானும் புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து வந்து இறங்குவார். பழத்தை விரலால் தட்டியே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுகிற எங்கள் ஊர்க்காரர்கள், இவரையும் மனத்துக்குள் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இன்னும் பழுக்கலே, ஆவணிக்குள்ள பழுத்துரும்" என்று தீர்மானித்துக்கொள்வார்கள்.

நான் இங்கே வர்ணிக்கப் புகுந்திருக்கும் கனவான் ஒரே மனிதர் அல்லர். பாங்கிக்கு வந்தவர், பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், மின்சார ஆபீசுக்கு வந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்று வருஷக்கணக்காக என் திண்ணைக்கு எதிரே நடந்துபோன பலரையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிய உருண்டை அவர். ஆகையால் தம்மைத்தான் எழுதியிருக்கிறேன் என்று யாரும் தனியாகக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாரும் சேர்ந்து கோபித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் செய்கிற முதற்காரியம், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தண்ணீர் பாட்டிலுமாக நான்கு திசையையும் நோக்கிவிட்டு, டீக்கடைக்காரரிடம், "டவுனுக்கு எப்படிப் போகணும்?" என்று விசாரிப்பது. ஆலங்குடிக்கும் பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் வழி சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்த டீக்கடைக்காரர், இந்த ஒரு ஸ்தலத்துக்கு மட்டும் வழி தெரியாமல் சற்றுத் திகைத்து, பிறகு விஷயம் விளங்கி, மிகுந்த மரியாதையோடு, "இதான் சார் டவுனு. நீங்க அதுக்கு நடுவுலதான் நிக்கிறீங்க" என்பார். பேரூராட்சி என்று அரசாங்கமே அங்கீகரித்த ஊரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியாகையால் எங்களுக்கு இதில் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டுதான். ஆனால் முதற்கேள்வியை வந்தவர் கேட்டுவிட்டபடியால், பாக்கிக் கேள்விகளையெல்லாம் கேட்கிற பாத்தியதை எங்களுக்கு வந்துவிடுகிறது.

"சாருக்குச் சொந்த ஊரு?"

"சென்னை."

"அது பொழைக்கப் போற ஊரு சார். சொந்த ஊரைக் கேட்டேன்."

தாத்தா காலத்தில் விட்டுவந்த ஒரு கிராமத்தின் பெயரை அவர் சிரமப்பட்டு ஞாபகப்படுத்திச் சொல்வார். பிறகு பிள்ளைகள் எத்தனை, ஒன்றோடு ஏன் நிறுத்தினீர்கள், சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வருகிறது என்று சம்பாஷணை விஸ்தாரமடையும். கடைசியில், நேராகக் கேட்கக் கூச்சப்படுகிற ஒரு கேள்வியைச் சுற்றி வளைத்து, "குலதெய்வம் எது?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரின் பெருமைகளை எடுத்துரைக்கும்போது இந்தக் கேள்வியை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

வீடு கிடைத்துவிடும். அநேகமாக அது ஊர்க்கோடியில், ஒரு மல்லிகைத் தோட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பூவாசனை வருகிறது என்று அவர் அன்று மாலையே சென்னை சிநேகிதர்களுக்கெல்லாம் டெலிபோனில் பிரஸ்தாபித்துவிட்டு, நிம்மதியாகப் படுத்துக்கொள்வார். நடுநிசி கழிந்து மூன்று மணி சுமாருக்கு என் டெலிபோன் அடிக்கும். எடுத்தால், மூச்சுக்கூட விடாத ரகசியக் குரலில், "சார், தோட்டத்துல பத்துப் பன்னிரண்டு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தர் தலையிலேயும் ஒரு வெளிச்சம் இருக்கு. குனிஞ்சு குனிஞ்சு எதையோ தேடறாங்க. போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்பார்.

"பொம்பளைக் குரல் கேக்குதா?"

"கேக்குது. சிரிக்கறாங்க சார்!"

"மல்லிகை பறிக்கிறாங்க. படுத்துத் தூங்குங்க."

மொட்டு வாய் திறப்பதற்கு முன்பே பறித்தால்தான் பூவுக்கு விலை; விடிவதற்குள் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் வெளியூர் வண்டிகளைப் பிடிக்க முடியும்; ஆகவே நெற்றியில் பாட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்கும் பனிக்கும் இடையே, ஊர் தூங்குகிற நேரத்தில் எங்கள் பெண்கள் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் மறுநாள் காலையில் அவருக்கு விளக்கிச் சொல்வேன். கூந்தலில் சூடிய மல்லிகையை மட்டுமே கண்டவர்களுக்கு, அந்தப் பூவுக்குப் பின்னால் ஓர் இரவுத் தூக்கம் போயிருக்கிறது என்பது தெரிய நியாயமில்லை. எனக்கே, பூச்செடி வைத்த வீட்டில் பெண் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

பூ விஷயத்தில் அவருக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கும். வெள்ளிக்கிழமை பூ வாங்கி வரும்படி வீட்டு அம்மாள் சொல்லியனுப்ப, மல்லிகை, முல்லை, காக்கரட்டான், கனகாம்பரம், சம்பங்கி, செண்டி என்று மூட்டை மூட்டையாகக் குவிந்து, ஏலக் குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டிருக்கிற கமிஷன் கடைக்குள் அவர் நுழைந்து, "ரெண்டு முழம் மல்லி குடுங்க" என்பார். கடை ஒரு கணம் ஸ்தம்பித்து நிற்கும். "இங்க முழம் கெடையாது சார். கிலோதான்" என்று பதில் வரும். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகிற இதே மல்லிகை, வரத்து மிகுந்து கேட்பாரில்லாத நாளில் இருபது முப்பதுக்கு இறங்கிவிடும்; 2020-ஆம் வருஷத்து ஊரடங்கில் அதற்கும் நாதியில்லாமல் குப்பையில் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். நம்மவர் போனது நல்ல காலமாக ஒரு மலிவு நாள். கௌரவத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஒரு கிலோ உதிரிப்பூவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

ஒரு கிலோ மல்லிகை மொட்டு என்பது ஒரு ஸ்திரீ தனியாக உட்கார்ந்து தொடுத்து முடிக்கக்கூடிய காரியம் அன்று. அம்மாள் கண் கலங்கிப் பூவையும் புருஷரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்வீட்டு அப்பத்தா, "என்னத்தா, பூவைக் கொட்டிக்கிட்டு ஒக்காந்துட்டே?" என்று நாருடன் வந்து அமர, அப்பத்தாவைத் தேடிக்கொண்டு அவருடைய மருமகளும், மருமகளைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியும் வந்து சேர, இரவு பதினொரு மணிக்குப் பூவும் தொடுத்தாயிற்று, தெருவின் சரித்திரமும் சொல்லி முடித்தாயிற்று. உத்தியோகஸ்தர் இரண்டு மாதத்தில் தெரிந்துகொள்ளாத எங்கள் ஊரை அவருடைய சம்சாரம் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் யார் யாரோ தேங்காயும், வாழைத்தாரும், பாதி அறுத்த பலாப்பழமும் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார்கள். அவர் பர்ஸை எடுத்தபோது, "பேங்க் சார் நல்லவருதான், ஆனா வெவரம் பத்தாது" என்ற அபிப்பிராயம் தெருவெங்கும் பரவியது.

இனி அவருடைய குற்றம் காணும் பருவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரின் பெயரே நக்கீரரால் வந்தது என்பது பெரியவர்கள் சொல்லிவரும் ஐதிகம். மெய்நின்றநாதர் கோயில் தடாகத்தில் 81 அடி உயரச் சிவபெருமானும், அவருக்கு எதிரே நக்கீரரும் சிலையாக இருப்பதை வந்தவர்கள் எல்லாரும் போட்டோப் பிடித்துக்கொள்வது வழக்கம். சாக்ஷாத் பரமசிவனிடமே பிழை கண்டவருக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிற ஊரில், குற்றம் சொல்லப் பயப்படுவானேன் என்று நம்மவர் நினைத்துவிட்டாரோ என்னவோ, அந்த ஸ்தலத்தைத் தரிசித்த நாள்முதல் வாயைத் திறந்தால் பிழைதான். காப்பி இனிக்கிறது, பஸ் ஹாரன் காதைப் பிளக்கிறது, கடைக்காரர் பாக்கிச் சில்லறையை நாளைக்குத் தருகிறேன் என்கிறார், அதைவிட அநியாயம், நாளைக்கு ஞாபகமாகத் தந்தும்விடுகிறார்.

குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்கு மாசிமகத்தன்று அவரை அழைத்துப் போனேன். 33 அடி உயரத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிற குதிரைச் சிலைக்கு, லாரியிலும் வேனிலும் வந்து இறங்கிய காகிதப்பூ மாலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாத்திச் சாத்திக் குதிரையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட காட்சியைப் பார்த்து அவர் வெகு நேரம் பிரமித்து நின்றார். பிறகு பழக்கதோஷத்தால், "ஊர் முழுக்கப் பூ விளையுது. சாமிக்கு மட்டும் காகிதப்பூவா?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு பூக்காரர், "மாசி முகூர்த்தத்துல மல்லி என்ன வெலைன்னு தெரியுமா சார்? குதிரை ஒசரத்துக்கு எத்தனை கிலோ ஆவும்னு நீங்களே கணக்குப் போடுங்க" என்றார். கணக்குப் பரீக்ஷையில் தேறியே உத்தியோகத்துக்கு வந்தவர், உதடு அசைய உள்ளூரப் பெருக்கிப் பார்த்து, அன்று முழுவதும் வேறு குற்றம் காணவில்லை.

ஒரே ஒருமுறைதான் அவருடைய கேள்வி டீக்கடையை மௌனமாக்கியது. "தென்னைக்குப் பேர்போன ஊர்னு சொன்னாங்க. எல்லாம் கன்னும் குட்டியுமால்ல நிக்குது. பெரிய மரமெல்லாம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "கஜாவுல போச்சு தம்பி" என்றார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிகாலையில் அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு, எங்கள் பக்கத்தில் காலத்தைக் கஜாவுக்கு முன், கஜாவுக்குப் பின் என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள். பாட்டன் வைத்த தென்னையும் பலாவும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடக்க, பாதையும் தெரியாமல் எல்லையும் தெரியாமல் சொந்தத் தோப்பிலேயே வழி தவறி நின்றவர்கள் அந்தக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நம்மவர் அன்று தம் டீக்கும் பெரியவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பெரியவர் அதை மறுக்கவில்லை. அவர் பழுக்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் எங்கள் பிரதேசத்தில் விருந்து உண்டு. மணப்பெண்ணும் இல்லாமல், மாப்பிள்ளையும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்து, பலர் கூட்டாகப் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போடுகிற மொய் விருந்து அது. ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முறை வரும். 2019-இல் பக்கத்து வடகாட்டில் ஒருவர் வைத்த விருந்தில் 4 கோடி ரூபாய் சேர்ந்ததாகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆயிரம் வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது அந்த ஆயிரத்தோடு நிறுத்தினால் உறவைக் கணக்குத் தீர்த்துக்கொண்டார் என்று அர்த்தமாதலால், பழசு ஆயிரத்தோடு புதுநடையாக இன்னொரு தொகையும் சேர்த்து வைப்பது வழக்கம். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. பக்கத்து இலைக்காரரின் பார்வை ஒன்றே ஜாமீன். இதைக்கொண்டு கிணறு வெட்டியவர்களும் பெண்ணைப் படிக்கவைத்தவர்களும் உண்டு. இதற்காகவே நகையை அடகுக்கடையில் வைத்தவர்களும் உண்டு.

இதொன்றும் அறியாத நம்மவர், பத்திரிகை வந்ததும் கிருஹப்பிரவேசமாக்கும் என்று எண்ணி, ஜிகினாத் தாள் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரத்தோடு பந்தலுக்குள் பிரவேசித்தார். மொய் எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமல், "பேரு? ஊரு?" என்றார்.

"சென்னை."

"சென்னைன்னு எழுதினா நாளைக்கு எங்க வந்து சார் தேடுறது? கீரமங்கலம்னு போட்டுக்கிறேன். எவ்வளவு?"

கடிகாரம் மேஜைமேல் வைக்கப்பட்டது. ரூபாய்க்குக் கட்டம் இருந்தது. கடிகாரத்துக்குக் கட்டம் இல்லை. எழுத்தர் விருந்துக்காரரைப் பார்க்க, விருந்துக்காரர் ஊர்ப் பெரியவரைப் பார்க்க, பெரியவர் சற்று யோசித்து, "வந்ததை வந்தபடி எழுது. எழுதாம விட்டா நாம திருப்பிச் செய்ய முடியாமப் போயிரும்" என்று தீர்ப்புச் சொன்னார். 'சுவர்க் கடிகாரம் 1' என்று நோட்டில் ஏறியது.

பிறகு அவர் ரொக்கத்துக்கு மாறினார். ஆடியும் ஆவணியும் விருந்துக்குமேல் விருந்தாகப் போய்வந்து, தாமும் ஒரு நோட்டுப் போட்டு, ஊர்வாரியாக எழுதி வைத்துக்கொண்டார். மூன்றாம் வருஷம் வைகாசியில் சென்னைக்கே மாற்றல் உத்தரவு வந்தபோது, குடும்பத்தார் எல்லாரும் சந்தோஷப்பட, அவர் மட்டும் நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து என் திண்ணைக்கு வந்தார். "கெளம்புறதுக்குள்ள ஒரு விருந்தை வச்சிருங்க சார், ஊரு திருப்பிச் செய்யாம அனுப்பாது" என்று எல்லாரும் ஏகமனதாகச் சொன்னார்கள். காரணம் ஒன்று பத்திரிகையில் போட வேண்டுமே என்று அவர் பிடிவாதம் பிடித்தபடியால், ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகனுக்குக் காதணி விழா என்று அச்சடிக்கப்பட்டது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு அப்பத்தா வீட்டில் போய் ஒளிந்துகொண்டான்.

விருந்தன்று நானே மொய் எழுத உட்கார்ந்தேன். பணம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு, அந்த முதல் விருந்துக்காரர், வேட்டி சட்டையோடும் சிரித்த முகத்தோடும், இரண்டு கையிலும் இரண்டு பொட்டலங்களை ஏந்திக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"எழுதுங்கண்ணே. சுவர்க் கடிகாரம், பழசு ஒண்ணு, புதுநடை ஒண்ணு."

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பழசு என்று அவர் தொட்டுக் காட்டிய பொட்டலத்தின் ஜிகினாத் தாள், மூன்று வருஷத்துக்கு முன்பு நம்மவர் சுற்றிக்கொண்டு வந்த அதே தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.