எழுபத்திரண்டால் பெருக்கவும்

பறக்குமா என்று கேட்காத விருந்தாளி எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. பறக்காது என்றதும் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அடுத்து, “பசங்களுக்கு வாங்கினதா?” பசங்கள் தொட்டுவிடக் கூடாதென்றுதான் அலமாரிக்குப் பூட்டே போட்டிருக்கிறேன் என்றால், அந்த இரக்கம் அப்படியே என் மனைவி பக்கம் திரும்பிவிடும். பறக்காத, விளையாடக் கூடாத, அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவாத ஒரு பொருளுக்காக, பேரன் எடுக்கிற வயசில் இருக்கும் ஆள் ஏன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதை நாகரிகம் கருதிக் கேட்காமல், காபியை முடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மாதிரி விமானம் செய்வது ஒரு சாக்கு. உண்மையான வேலை குறை கண்டுபிடிப்பது. அதிலும் பதில் பேசாத ஒன்றில் குறை கண்டுபிடிப்பது. குடும்பஸ்தனுக்கு இந்த வசதி வேறெங்கே கிடைக்கிறது? கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு கம்மி என்றால்கூட சமையல்காரர் கரண்டியோடு வந்து நிற்கிறார்.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் செய்வதெல்லாம் 1/72. ஆறடி ஆளை ஓர் அங்குலத்துக்குள் அடக்குவது என்று கணக்கு வைத்துக்கொண்டு 1930களில் இங்கிலாந்தில் மரத்தில் குட்டி விமானங்கள் செய்து விற்றார்கள். 1936இல் ஃப்ராக் என்ற நிறுவனம் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்ததும் அதே அளவுதான். அந்த வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் பெங்குவின். பறக்காத பறவை. விருந்தாளிகளின் தொல்லை அன்றைக்கே இருந்திருக்கிறது. பெயர் வைத்தவன் விவரமான மனுஷன், பதிலைப் பெட்டியிலேயே அச்சடித்துவிட்டான்.

ஆறடிக்கு 72 அங்குலம். யாரோ கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று எடுத்த எண், இன்று என் மண்டைக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. எதைப் பார்த்தாலும் எழுபத்திரண்டால் பெருக்குகிறேன். இறக்கை சேரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் சந்து என்றால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். பெருக்கினால் 36 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் அந்தச் சந்து வழியாக உள்ளே வாழைப்பழம் கொடுக்கலாம்.

இந்த முறை கையில் எடுத்தது நேட். வடிவமைத்தவர் பெட்டர் என்ற ஆங்கிலேயர். கான்பெரா குண்டுவீச்சு விமானமும் அவர் கைவண்ணம்தான். போர்விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் பெருத்து, விலையும் ஏறிக்கொண்டே போவது பொறுக்காமல், ஃபாலண்ட் நிறுவனத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சுருக்கினார். 1955 ஜூலையில் நேட் பறந்தது. பிரிட்டிஷ் விமானப் படை இரண்டு இருக்கை வைத்த பயிற்சி விமானமாக மட்டும் வாங்கிக்கொண்டது. ஒற்றை இருக்கைப் போர்விமானத்தை நம்பி 1956இல் உரிமம் வாங்கி, பெங்களூர் எச்.ஏ.எல்.லில் கட்டியது நாம். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்களோடு மல்லுக்கு நின்று ‘சேபர் கொல்லி’ என்று பட்டமும் வாங்கிக்கொண்டது. இறக்கை முனைக்கு முனை 22 அடி சொச்சம்தான். 1/72 ஆக்கினால் நான்கு அங்குலம்கூட வராது. சின்ன விமானம், சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய குண்டுவீச்சு விமானத்தில் ஒரு சந்து இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நேட்டில் கண்ணுக்குப் போக வேறு இடமே கிடையாது.

பெட்டர் பிற்பாடு விமானத் தொழிலையே உதறிவிட்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். நேட்டின் காற்று வாயை உட்புறமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நள்ளிரவில், அந்த முடிவின் நியாயம் எனக்குப் பிடிபட்டது.

கிட் தயாரித்த கம்பெனியின் பெயர் வேண்டாம், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். பெட்டி மூடியில் நேட் மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. மூடியைத் திறந்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஸ்ப்ரூ என்போம். வார்க்கும்போது அச்சின் இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக், எல்லா ஓரங்களிலும் தோலாக நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் எது, கசிவு எது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. இடது இறக்கை முனையில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு வைத்தியம் வெந்நீர். சூட்டில் முக்கி, மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். இறக்கையின் பின் ஓரம் 0.8 மி.மீ. கனம். பெருக்குங்கள். ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஜெட் விமானத்துக்கு வாசற்கதவின் கனத்தில் இறக்கை. உடலின் மேல் தகடுகள் சேரும் கோடுகளை அழகாகக் குழித்திருந்தார்கள், 0.2 மி.மீ. அகலத்துக்கு. நிஜத்தில் அரை அங்குலத்துக்கு மேல். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். விமானியின் தலைக்கு மேலான கண்ணாடி மூடி ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர். இந்தப் பாதுகாப்பு இப்போது மந்திரிகளுக்குக்கூட இல்லை.

மூக்கு விஷயம் தனிக் கதை. வைத்திருக்கும் வரைபடத்தின் மேல் உடலை வைத்துப் பார்த்தால், மூக்கு இரண்டு மில்லிமீட்டர் குட்டை. வேறொரு வரைபடம் எடுத்து அதன் மேல் வைத்தால் கிட் கச்சிதம். அப்படியானால் முதல் வரைபடம்தான் தப்பு என்று பெருந்தன்மையாக முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு மரபு உண்டு: குறை சொல்லும் வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும். நிஜ நேட்டையே போய் அளந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. 1965 செப்டம்பர் 3ஆம் தேதி எல்லை தாண்டி பஸ்ரூரில் இறங்கிய இன்னொன்று, ஐ.ஈ. 1083, இப்போது கராச்சியில் பாகிஸ்தான் விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எனக்குப் பிடித்த வண்ணத் திட்டம் அந்தக் காலகட்டத்து வெள்ளி என்பதால், அளப்பதானால் அதைத்தான் அளக்க வேண்டும். விசா விண்ணப்பத்தில் ‘பயணத்தின் நோக்கம்: மூக்கை அளத்தல்’ என்று எழுத வேண்டியிருக்கும் என்பதால் வரைபடத்தோடு நிறுத்திக்கொண்டேன். மூக்கை அறுத்து, இடையில் பிளாஸ்டிக் தகடு வைத்து ஒட்டி, பட்டி பார்த்தேன்.

பட்டி என்று வந்துவிட்டால் எங்கள் தெருமுனை டிங்கரிங் ஷெட் மேஸ்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நொறுங்கிய கார் கதவுகளை ஷோரூம் பளபளப்புக்குக் கொண்டுவருகிறவர். கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போன நேட்டை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க சார் இடிச்சீங்க?”

“இடிக்கல மேஸ்திரி. வந்ததே இப்படித்தான்.”

“புதுசா?” என்றார் நம்பாமல். “டோட்டல் லாஸ் சார் இது. இன்சூரன்ஸ்ல போட்டுருங்க.”

பிறகு அவர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் நுனியை, அழுத்தாமல், மூக்கிலிருந்து வால்வரை ஒட்டு மேல் ஓட்டினார். பாதி வழியில் விரல் நின்றது. “இங்க ஒரு பள்ளம்.” நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் அந்த இடத்தில் சாம்பல் பிரைமர் ஒரு மூச்சு அடித்தார். ஈரம் காய்ந்ததும் பள்ளம் தன் இருப்பை அறிவித்தது. பிரைமர் அடித்தால் குறை மறையும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பிரைமர் அடிப்பதே காட்டிக்கொடுக்கத்தான். அதற்கப்புறம் பட்டி, 800 நம்பர் வாட்டர் பேப்பர், மறுபடி பிரைமர், மறுபடி விரல். பட்டி காயக் காயச் சுருங்கும் என்பதால் முதல் பூச்சைக் கொஞ்சம் மேடாகவே விடச் சொன்னார். இதற்கெல்லாம் காசு வாங்க மறுத்துவிட்டார். விமானத்துக்கு வேலை பார்த்ததாக ஷெட் போர்டில் எழுதிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

பீரங்கி விஷயத்தில் அவரும் கைவிரித்துவிட்டார். நேட்டில் 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள் இரண்டு. இரு பக்கமும் காற்று வாயின் விளிம்பில் ஒவ்வொன்றின் துவாரம் தெரியும். கிட்டில் துவாரத்துக்குப் பதில் அம்மைத் தழும்பு. முப்பதை எழுபத்திரண்டால் வகுத்தால் 0.42. அந்த அளவில் துளை போட 0.4 மி.மீ. டிரில் பிட்டைக் கைப்பிடியில் பொருத்தி விரலால் உருட்ட வேண்டும். மூச்சை இழுத்துக்கொண்டு உருட்டு, பிட்டை வெளியே எடுத்து ஊது, மறுபடி உருட்டு. இந்த நேரம் பார்த்துத்தான் குக்கர் விசில் அடிக்கும்.

ஈயம் கொடுத்து உதவியதும் மேஸ்திரியே. நேட் மூன்று சக்கரத்தில் நிற்கும் விமானம். ஒன்று மூக்கின் கீழ், இரண்டு வயிற்றின் கீழ். பிளாஸ்டிக்கில் செய்தால் வால் கனத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ‘மூக்கில் எடை வைக்கவும்’ என்று செய்முறைத் தாள் ஓர் அம்புக்குறி போட்டுச் சொல்கிறது. அம்பு காட்டும் இடத்தில் முன்சக்கரம் மடங்கும் குழி இருப்பதைச் செய்முறைத் தாள் கண்டுகொள்ளவில்லை. கார்ச் சக்கரம் பேலன்ஸ் பண்ணும் ஈயத்தை எடுத்து, சுத்தியால் தட்டித் தகடாக்கி, துண்டு துண்டாக நறுக்கி, குழியைச் சுற்றியும் கருவிப் பலகைக்குப் பின்னாலும் இருக்கைக்கு அடியிலும் திணித்தேன். விமானி ஈயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார். புகார் ஏதும் இதுவரை வரவில்லை.

வெள்ளி வண்ணம் மாதிரி கோள் சொல்லும் வண்ணம் இன்னொன்று கிடையாது. பச்சையும் பழுப்பும் அடித்தால் பாதிக் குறை ஒளிந்துகொள்ளும். வெள்ளி அடித்ததும், 800 நம்பர் தாள் விட்ட கீறல்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. 1500, பிறகு 2000. கடைசியில் டீகால் என்ற ஒட்டுப்படம். காவி வளையம், உள்ளே வெள்ளை, நடுவில் பச்சை என்று நம் விமானப் படை வட்டம். அச்சில் பச்சை நகர்ந்து போயிருந்ததால் ஒரு பக்க இறக்கை வடபழனியையும் மறுபக்கம் வேளச்சேரியையும் பார்த்தது. பழைய தாள் ஒன்றிலிருந்து பச்சைப் பொட்டுகளை வெட்டி எடுத்து நடுவில் ஒட்டி மாறுகண்ணைச் சரிசெய்தேன்.

முடித்ததும் மாடி வீட்டு மாமாவிடம் காட்டினேன். விமானப் படையில் நேட்டுக்குக் கீழே படுத்து ஸ்பேனர் பிடித்தவர். விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சந்து இல்லை, கீறல் இல்லை, மூக்கு வரைபடத்தின்படி. நான் நிமிர்ந்து நின்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு சுத்தமா ஒரு ஏரோப்ளேன் நின்னா, அது பறக்கிறதில்லைன்னு அர்த்தம்ப்பா.”

அப்புறம் மாமா தொடங்கினார். வயிற்றுப் பக்கம் எண்ணெய் வழியாத நேட்டை அவர் பார்த்ததில்லையாம். விமானி ஏறும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்த தடம் எங்கே? ஒரு விமானத்தின் மூடித் தகடு பழுதானால் பக்கத்தில் நிற்பதிலிருந்து கழற்றி மாட்டுவார்கள், அதனால் நிறம் ஒன்றுபோல இருக்காது, அது எங்கே? பீரங்கி சுட்டால் புகைக்கரி படியும். “அதுவும் அது எல்லா நேரமும் சுடாது, சிக்கிக்கும்,” என்றார் ஓய்வுபெற்ற பிறகும் குறையாத கோபத்தோடு. நேட்டின் பீரங்கி சிக்கிக்கொள்வதும், வால் பக்கக் கட்டுப்பாட்டில் தகராறு பண்ணுவதும் ஊரறிந்த விஷயம். அதையெல்லாம் சரிசெய்து, எரிபொருளை இறக்கைக்குள் அடைத்து, எச்.ஏ.எல். 1975இல் பறக்கவிட்டதுதான் அஜீத். (நடிகருக்குச் சம்பந்தமில்லை.) ஆக, நான் பட்டி பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு தொழிற்சாலையே உட்கார்ந்து வருஷக்கணக்கில் குறை களைந்த விமானம். அதன் குறைகள்கூட என் கிட்டில் சரியாக வரவில்லை என்பதுதான் மாமாவின் கட்சி.

எனவே இப்போது அழுக்கு வேலை நடக்கிறது. பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த கரியைப் பீரங்கி வாய்க்குப் பின்னால் தூரிகையால் தடவுகிறேன். பழுப்பு ஆயில் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, தின்னரில் நனைத்த தூரிகையால் காற்று அடிக்கும் திசையில் இழுத்தால் எண்ணெய் வழிந்த தடம் கிடைக்கிறது. மாமா நாற்காலி போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறார். முதல் தடத்தை அவர் நிராகரித்துவிட்டார். அந்த இடத்தில் கசிய அங்கே குழாயே கிடையாதாம்.

இந்த நேரத்தில் மேஸ்திரி எதற்கோ வந்தவர், மேஜையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன சார் ஆச்சு வண்டிக்கு? யாராச்சும் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?”

“இல்ல மேஸ்திரி. நான்தான் அழுக்கு பண்றேன்.”

மாமாவைப் பார்த்தார். மாமா ஆமென்று தலையாட்டினார். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார். டெலிவரி எடுக்கும்போது சுத்தமா இருந்துச்சுன்னு.”