ஒற்றைப்படை முகம், இரட்டைப்படை முகம்

பெறுநர்:
தலைமை இயக்குநர்,
தேசியப் பதிவு இலாகா,
புத்ராஜெயா.

ஐயா, அல்லது அம்மா,

இந்தக் கடித உறையைப் பிரிக்கப்போவது வளையல் போட்ட கையா, போடாத கையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே எழுதி, தபால்தலை ஒட்டி, அனுப்பியும் விட்டேன். வந்து சேர்ந்துவிட்டது, பாருங்கள்.

முதலில் உங்கள் இலாகாவுக்கு ஒரு கும்பிடு. அடையாள அட்டையில் 12 எண்கள் வைத்தீர்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். மலாக்காக்காரர்களான எங்களுக்கு 04. கடைசி எண்தான் சூட்சுமம். ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எங்கள் ஊர் ஜோதிடர்கள் பரம்பரை பரம்பரையாகக் கட்டம் போட்டும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அதுவும் போதாதென்று அட்டையின் முகப்பில் 'லெலாக்கி', 'பெரெம்புவான்' என்று அச்சடிக்கிறீர்கள். தமிழர்களான எங்களுக்குக் கொசுறாக, பெயருக்கும் அப்பன் பெயருக்கும் நடுவில் மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. ஒரே சேதியை மூன்று இடத்தில் சொல்கிறீர்கள்.

ஆனால் அட்டை இருப்பது பர்சுக்குள். முகம் இருப்பது வெளியே. சிக்கல் அங்கேதான்.

நான் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். உயரம் அப்பாவைக் கொண்டது. குரல் அதைவிட அப்பாவைக் கொண்டது. வெயிலுக்கு ஆகாது என்று முடியை ஒட்ட வெட்டியிருக்கிறேன். என் அட்டையின் கடைசி எண் இரட்டைப்படை. எந்த அலுவலகம் என்று சொல்லாமல் விடுகிறேன், ஒரு முகப்பில் அட்டையை நீட்டினேன். அங்கே இருந்த பையன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு பக்கத்து நாற்காலியிடம் மெதுவாக, "இனி என்சிக் கே, புவான்?" (இது ஐயாவா, அம்மாவா?) என்றான். பக்கத்து நாற்காலி எழுந்து வந்தது. அதன் பார்வை என் முகத்தில் தொடங்கி, சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக இறங்கி, மறுபடி அட்டைக்குப் போய் நின்றது. இவ்வளவுக்கும் மேசைமேல் கட்டைவிரல் ரேகை பார்க்கும் கருவி ஒன்று சும்மாதான் கிடந்தது.

ரயிலில் இன்னொரு கூத்து. கேடிஎம் கொமுட்டரில் 2010ல் பெண்களுக்கென்று தனிப்பெட்டி விட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. பூலாவ் செபாங்கில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த அக்கா, "தம்பி, இது பொம்பளைங்க பெட்டிப்பா" என்றார். "தெரியும்க்கா, நானும் பொம்பளைதான்" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவருடைய சந்தேகம் தீர்ந்தே போய்விட்டது. சிரம்பான் வரும்வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? முகத்தைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கும் பயிற்சியை நீங்கள் பொதுமக்களுக்குத் தரவில்லையே.

எங்கள் தோட்டத்தில் இந்தக் குழப்பமே இருந்ததில்லை. யாரும் தெளிவாக இருந்ததால் அல்ல, யாருக்கும் அது தேவைப்படாததால். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று பார்த்திருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும். என் அம்மா பால்வெட்டுக்குப் போகும்போது அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலிக்கு உள்ளே காற்சட்டை, காலில் பூட்ஸ், தலையைச் சுற்றித் துண்டு, துண்டுக்கு மேலே விளக்கு. இடுப்பில் தொங்கும் கொசுவத்தி வேறு புகைந்துகொண்டிருக்கும். அந்த நிரையில் வெட்டுபவர்கள் எல்லாருக்கும் அதே கோலம்தான். விளக்கு வெளிச்சம் மரப்பட்டையில்தான் விழுமே தவிர முகத்தில் விழாது. புதிதாக வந்த சின்னதுரை ஒருமுறை அம்மாவை "தம்பி" என்று கூப்பிட்டாராம். அம்மா நிமிரவே இல்லையாம். மங்குக்குள் பால் நேராக விழுகிறதா என்பதுதான் அவர் கவலை.

பாட்டி காலத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் ஆண், பெண் விவரம் கட்டாயம் தேவைப்பட்டது: செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதிய கிராணிக்கு. காரணம், 1920களின் கடைசியில் வெள்ளைக்கார அரசாங்கம் தென்னிந்தியத் தொழிலாளிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலி பல வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மொத்த விஷயமும் அந்தப் பத்துக் காசில் இருந்தது. ஒரு மனிதரின் பால் என்ன என்று அரசாங்கம் அக்கறையாகக் கேட்டால், எங்கள் பாட்டிமார்கள் முதலில் முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, பழைய கதை போகட்டும். இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான் வேண்டும் என்று இலாகா நினைத்தால், குடிமகள் என்ற முறையில் சில யோசனைகள்.

மலாக்கா வண்டிகளுக்கு முன்னும் பின்னும் 'எம்' எழுத்தில் தொடங்கும் பலகை மாட்டுகிறோம் அல்லவா? அதைப் போல அட்டையின் கடைசி எண்ணை நெற்றியில் மாட்டிவிடலாம். திருநீறு, பொட்டு வைப்பவர்களுக்குச் சற்று மேலே. ஒற்றைப்படைக்காரர்களுக்கு மீசை கட்டாயம்; முளைக்காதவர்களுக்கு இலாகாவே மீசை வழங்கும், தொலைத்தால் பத்து ரிங்கிட் அபராதம். மாசி மகத்துக்கு நேர்த்திக்கடன் கழித்து, மொட்டையும் சந்தனமுமாகச் சன்னாசிமலையிலிருந்து இறங்கும் பெண்களுக்கு, முடி வளரும்வரை தற்காலிக அனுமதிச் சீட்டு. முடி வளர்க்கும் விரதத்தில் இருக்கும் ஆண்களும் அதே பாரத்தை நிரப்பட்டும். 12 வயதில் அட்டை கொடுக்கிறீர்கள், 18ல் படம் மாற்றச் சொல்கிறீர்கள். அத்தோடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முகப் பரிசோதனையும் வைத்துவிட்டால், தேறாத முகங்களைத் திருத்த அவகாசம் கிடைக்கும்.

சிரிப்பு இதோடு போதும்.

என் கதையில் அட்டையாவது என் பக்கம் நிற்கிறது. பார்ப்பவர்கள் தடுமாறினால், எடுத்துக் காட்டி வாயை அடைக்கிறேன். திருநங்கை ஒருத்திக்கு அட்டையே எதிர்க்கட்சி. பேருந்தில் அவளை அக்கா என்று கூப்பிட்டு இடம் கொடுத்தவர்கள் இருப்பார்கள். வங்கியில் அட்டையை எடுத்த நிமிடம் சூழ்நிலை மாறிவிடும். கிளினிக்கில் பெயரைக் கூப்பிடும்போது வரிசையே திரும்பிப் பார்க்கும். வேலைக்குப் போனால் நேர்முகம் அந்தக் கடைசி எண்ணோடு முடிந்துவிடும்.

இது உங்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. 2005ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், மருத்துவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, ஒருவரின் அட்டையில் பாலை மாற்றிக் கொடுக்கும்படி உங்கள் இலாகாவுக்கு உத்தரவிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஈப்போ உயர் நீதிமன்றம் இதே மாதிரி வேண்டுகோளை மறுத்தது. 2016ல் கோலாலம்பூரில் இன்னொரு நீதிபதி அனுமதித்தார். நீங்கள் மேல்முறையீட்டுக்குப் போனீர்கள். ஒரு மனிதர் யார் என்பது, எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார் என்பதைப் பொறுத்து மாறுவது என்ன நியாயம்?

என் விண்ணப்பம் சிறியது. மைகாட் என்ற இந்த அடையாள அட்டையின் சிப்புக்குள் எங்கள் இரண்டு கட்டைவிரல் ரேகையையும் வைத்திருக்கிறீர்கள். அட்டை நீட்டியவர் அட்டைக்கு உரியவர்தானா என்ற கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் கிடையாது. முகப்பில் இருப்பவர்கள் விரலை வைக்கச் சொல்லட்டும், விளக்கு எரிந்தால் வந்த வேலையை முடித்து அனுப்பட்டும். சட்டைப் பொத்தான்களை எண்ண வேண்டாம் என்று எல்லா முகப்புகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அட்டையில் பாலை மாற்ற விரும்புகிறவர்களுக்கு நீதிமன்றப் படி ஏறாமல் முடிகிற, ஜாசினுக்கும் ஈப்போவுக்கும் ஒரே மாதிரியான, ஒரு நடைமுறையை எழுதி வையுங்கள். செலவு அதிகம் ஆகாது. ரேகை பார்க்கும் கருவி ஏற்கெனவே மேசைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
04ல் பிறந்த, இரட்டைப்படையில் முடிகிற ஒருத்தி,
ஜாசின், மலாக்கா.