வெயிலில் விரித்த பச்சைப் பாய்

கையைக் கடிக்காமல் மொட்டை மாடியை அழகாக்குவது எப்படி என்று கேட்டால், ஆலோசகர்கள் முதலில் நீட்டுவது பிளாஸ்டிக் புல் விரிப்பு. அதன் பூர்விகம் சுவையானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கம் 1965இல் திறந்தது. ஒளிபுகும் கூரையால் கண் கூசி ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெயில் கிடைக்காமல் புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் வந்து உலகப் புகழ் பெற்றது. ஆக, வெயில் இல்லாத இடத்தில் பேர் வாங்கிய பொருளை, வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லாத நம் மாடியில் விரிக்கிறோம். சித்திரையில் அது இயற்கைப் புல்லைவிட அதிகமாகக் கொதிக்கும். பசுமையைப் பார்க்கலாம், மிதிக்கத்தான் முடியாது.

நிஜப் புல்லுக்கு ஊற்ற லாரித் தண்ணீரா வாங்குவது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் விரிப்பின் சூட்டைத் தணிக்கவும் தண்ணீர்தான் தெளிக்க வேண்டும். அப்படித் தெளித்தும் ஒரு புல் வளராது என்பதே வித்தியாசம். புல்லே வேண்டும் என்று யார் அழுதது? தரைக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஓரத்தில் மண் தொட்டிக் கற்றாழை, நடுவில் அரிசி மாவுக் கோலம் போதும், எறும்புக்கும் விருந்து. பழசாகத் தெரியுமே என்பவர்களுக்கு ஒரு யோசனை: அதற்கு ‘ரெட்ரோ’ என்று பெயர் வையுங்கள். மதிப்பு தானாக ஏறும். கூடவே விலையும் ஏறிவிடும், ஜாக்கிரதை.