கீழே பாக்க மேலே வர்றவுகளுக்கு

மாப்ளே, நீ பொண்டாட்டி பிள்ளைகளோட கோடைக்கானல் வரப்போறேன்னு உங்காத்தா போன் போட்டுச் சொன்னா. "அண்ணே, மூணு நாள்ல என்னென்ன பாக்கலாம்னு பயலுக்குச் சொல்லிவிடுங்க"ன்னா. எப்ப வர்றான்னு கேட்டேன். மே மாசம், ரெண்டாவது சனிக்கிழமைன்னா. அடடே, அப்ப நான் சொல்ல என்ன கெடக்கு? முத நாளு பூராம் முன்னாடி நிக்கிற காரோட நம்பர் பிளேட்டைப் பாரு. ரெண்டாம் நாளு பின்னாடி நின்னு ஆரன் அடிக்கிறவன் மூஞ்சியைப் பாரு. மூணாம் நாளு எறங்கணும், அதுக்கே பொழுது சரியாப் போயிரும்.

எனக்கென்ன, பெருமாள்மலையில ரோட்டை ஒட்டி வீடு, வாசல்ல திண்ணை. சீசன்ல அதுல உக்காந்து வெத்தலை போடுவேன். நான் ஒரு வாய் மென்னு துப்புறதுக்குள்ள ஒரு காரு எங்க வீட்டுச் செவரைத் தாண்டிருச்சுன்னா அன்னைக்குக் கூட்டம் கம்மின்னு அர்த்தம். காருக்குள்ள இருந்து பிள்ளைக கேக்கும், "அப்பா, கோடைக்கானல் வந்துருச்சா?" அந்த ஆளு மேப்பைப் பாத்துட்டு, "பத்து நிமிசம்"பாரு. ஒரு மணி நேரங்கழிச்சும் அதே காரு அங்கனயே நிக்கும், அதே பத்து நிமிசமும் நிக்கும். எங்க தோட்டத்துப் பிளம்ஸை நான் கூடையில வச்சு ரோட்டோரமா வைக்கிறது அந்தப் பத்து நிமிசத்தை நம்பித்தான். வெலையைக் கேக்காத, நீ சொந்தக்காரன்.

மலையேற இ-பாஸ் எடுக்கணும், மறந்துறாத. 2024 மே மாசத்துல இருந்து ஐகோர்ட்டு உத்தரவு. 5 லிட்டருக்குக் கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் கூடாது. அதுக்காக 5 லிட்டர் கேனைக் கக்கத்துல இடுக்கிட்டு ஏரியைச் சுத்தாத, உங்காத்தா கல்யாணத்துல குடுத்த எவர்சில்வர் செம்பு பரண்ல கெடக்கும், எடுத்தா. இம்புட்டுக் கெடுபிடியான்னு மொகத்தைச் சுளிக்காத. மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி துரைமாரும் தொரசாணிகளும் பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலியில ஏறி வந்தாக. தூக்குனவன் பேரு ஊர்ல ஒரு போர்டுலயும் இல்ல. உக்காந்து வந்தவன் பேர்லதான் பாதி எடம் இருக்கு.

ஏரியை மொதல்ல பாத்துரு. அது சாமி குடுத்த சொனைன்னு நெனைச்சுக் கும்பிட்டுறாத. மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்சுங்கிற துரை 1863-ல ஓடையை மறிச்சுக் கரை போட்டது. சித்திரை மாசத்து மதுரையில கோட்டும் சூட்டும் மாட்டிக் கச்சேரி நடத்துன மனுசன், தண்ணிக்கு ஏங்கிருக்காரு, பாவம். 60 ஏக்கரு இருக்கும். சுத்தி வந்தா 5 கிலோமீட்டர் வாக்குல. நட்சத்திரம் மாதிரி இருக்கும்னு எழுதிருப்பாக. மேல இருந்து பாத்தாத்தான் நட்சத்திரம், கரையில நின்னு பாத்தா எதுத்தாப்புல மக்காச்சோளம் சுடுற பொகைதான் தெரியும்.

பெடல் படகு ஏறு, வேணாங்கல. மெட்ராஸ்ல ரெண்டாவது மாடிக்கு லிப்டைத் தேடுறவன், இங்க வந்து காசு குடுத்துக் கால் வலிக்க மிதிக்கிறான். குதிரையிலயும் ஏறு. பயப்படாத, அதுக்கு ஓடத் தெரியாது, ஓட்டுறவன் டீக்கடை வரைக்கும் நடந்து திரும்பிரும். உன்னைவிட அதுக்கு ஊரு நல்லாத் தெரியும்.

ஏறி வர்ற வழியிலேயே வெள்ளி அருவி வரும், 180 அடி. அத்தனை பேரும் வண்டியை நிப்பாட்டி மொகங் கழுவி, ஒரு வாய் குடிச்சு, "மலைத் தண்ணின்னா மலைத் தண்ணிதான்"னு சிலாகிப்பான். ஏரி நெறஞ்சு வழியுற தண்ணிதானப்பா அது! முந்தின நாளு படகுல மிதிச்ச தண்ணி இன்னைக்கு அருவியா விழுகுது. சொன்னா ருசி கெட்டுப் போகும்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்ல.

ஆனா ஒண்ணு. ஒரே ஒரு நாளு, விடிகாலை ஆறு மணிக்கு ஏரிக்குப் போ. இட்லிச் சட்டி மூடியைத் தெறந்தாப்புல தண்ணி மேல ஆவி எந்திரிக்கும். படகெல்லாம் கட்டிப் போட்ட மாடு மாதிரி ஒண்ணை ஒண்ணு ஒரசிக்கிட்டு நிக்கும். டீ ஆத்துற சத்தம் அக்கரை வரைக்கும் கேக்கும். அந்த நேரத்துல நீ போக மாட்டே, தெரியும். ராத்திரி கம்பளிக்குள்ள போனைப் பாத்துட்டு எட்டரைக்கு எந்திரிச்சு, ஓட்டல்ல பூரி தீந்துபோச்சான்னு கேப்பே. சும்மா சொல்லி வச்சேன்.

அடுத்தது கோக்கர்ஸ் வாக். 1872-ல கோக்கருங்கிற பட்டாளத்து ஆளு மலை விளிம்புல வெட்டுன நடைபாதை, ஒரு கிலோமீட்டர். போன தடவை உன் மச்சானைக் கூட்டிட்டுப் போனேன். போய்ச் சேரவும் மூடுபனி எறங்கிருச்சு. தொலைநோக்கி வச்சிருக்க எடத்துல, "வேணாம்டா, ஒண்ணும் தெரியாது"ன்னேன். "காசு குடுத்தா தெரியும் மாமா"ன்னான். ஒரு கண்ணை மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தான். "வெள்ளையாத் தெரியுதுங்க"ன்னான். காசு வாங்குனவரு அசரல. "அதாங்க மேகம். இம்புட்டுக் கிட்டத்துல வேற எங்க பாப்பீக?"ன்னாரு. இவனும் தலையாட்டிட்டு வந்துட்டான். பனியைப் பாக்கத்தான் வர்றாக. பனி வந்தா, ஒண்ணும் தெரியலைன்னு சலிச்சுக்கிறாக.

அங்க ஒரு விசேசம் உண்டு. வெயிலு முதுகுல அடிச்சு, எதுத்தாப்புல பள்ளத்துல பனி நின்னா, உன் நெழலு அந்தப் பனி மேல விழுகும், தலையைச் சுத்தி வானவில்லு வளையம் கட்டி. சாமி படத்துல இருக்க ஒளிவட்டம் மாதிரி. அவனவன் தலைக்குத்தான் வளையம் தெரியும், பக்கத்துல நிக்கிறவன் தலைக்கு இருக்காது. கெடைச்சா உன் பொண்டாட்டியைப் பக்கத்துல நிப்பாட்டிப் பாரு. ரெண்டு பேரும் தனக்குத்தான் வளையம்னு சாதிப்பீக. ரெண்டு பேரும் சொல்றது நெசந்தான். கட்டுன நாள்ல இருந்து உங்களுக்குள்ள அப்படி ஒண்ணு நடந்திருக்காது.

பனி விலகுனா கீழ பெரியகுளம் தெரியும், வைகை அணை தெரியும். எல்லாரும் கையை நீட்டி, "அந்தா, நாம வந்த ரோடு"ம்பான். எனக்கு இதுதான் மாப்ளே வெளங்கல. இந்த ஊர்ல எந்த பாயிண்ட்டுக்குப் போனாலும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கீழதான் பாக்கச் சொல்றான். வெயிலு தாங்காம கீழ இருந்து ஓடி வந்தவன், மேல வந்து டிக்கெட்டு எடுத்து, விட்டுட்டு வந்த ஊரையே தேடித் தேடிப் பாக்குறான். பில்லர் ராக்ஸ் மட்டும் மேல பாக்குற சங்கதி, 400 அடிக்கு மூணு கல்லு. அங்கயும் பனி வந்து மறைச்சா, பாக்கப் போனவன் பஜ்ஜி தின்னுட்டு வந்துருவான்.

குணா குகைக்குப் போகாம உன் மகன் விடமாட்டான். 1991-ல கமலு படம் எடுத்தப்ப பேரு வந்துச்சு. 2006-ல மலையாளத்துப் பசங்க வந்து ஒருத்தன் குழிக்குள்ள விழுந்து, கூட்டாளியே எறங்கித் தூக்கியாந்தான். அதை 2024-ல படமா எடுத்தாக, மறுபடி கூட்டம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா இருட்டுதான் தெரியும். குகை தெரியாத கடுப்புல அத்தனை பேரும் மர வேரு மேல ஏறி நின்னு போட்டோ எடுத்து, வேரு வழவழன்னு ஆயிருச்சு. அதே மாதிரி பைன் காட்டுல சாஞ்சு நின்னு எடுத்துக்க. அது நம்ம மரம் இல்ல, வெள்ளைக்காரன் கொண்டாந்து நட்டது. எங்க சோலைக்காடு குட்டை மரமும் பாசியுமா, உன் போட்டோவுக்கு லாயக்கில்லாம, சும்மா மழைத் தண்ணியை உறிஞ்சி வச்சு ஓடைக்கு விட்டுக்கிட்டுக் கெடக்கு.

வானாராய்ச்சி நிலையத்தை யாரும் உன் லிஸ்டுல சேத்திருக்க மாட்டாக. 1899-ல கட்டுனது. எவர்ஷெட்டுனு ஒரு துரை 1909-ல அங்க உக்காந்து, சூரியன்ல இருக்க கரும்புள்ளியில இருந்து வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சாரு. ஒலகம் பூராம் எவர்ஷெட் விளைவுன்னு அதைத்தான் படிக்கிறாக. நெனைச்சுப் பாரு மாப்ளே, வெயிலுக்குப் பயந்து ஊரே மலையேறுது, சூரியனை உத்துப் பாக்கணும்னே கொஞ்சம் பேரு மலையேறிருக்காக. நூறு வருசத்துக்கு மேல தெனமும் அதைப் படம் பிடிச்சு வச்சிருக்காக. உன் போன்ல இருக்க ஏரிப் படம் அடுத்த மாசம் எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது.

குறிஞ்சியாண்டவர் கோயில் 1936-ல கட்டுனது. கட்டுன அம்மா வெள்ளைக்காரி, இலங்கை பொன்னம்பலம் ராமநாதனைக் கட்டிக்கிட்டு லீலாவதின்னு பேர் வச்சுக்கிட்டவுக. வானம் தெளிஞ்சிருந்தா அங்கிருந்து பழனி மலை தெரியும், கும்பிட்டுக்க. போய்க் "குறிஞ்சிப் பூ எங்க?"ன்னு மட்டும் கேட்டுறாத. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூத்து, விதை போட்டுச் செத்துப் போற செடி. 2018-ல பூத்துச்சு. இனி 2030. இப்பவே ரூம் போட்டு வையி, நான் இருந்தா திண்ணையில இருப்பேன்.

மூணு நாள்ல ஒரு நாளை எனக்காகச் செலவழிக்கணும்னா பூம்பாறைக்குப் போ. 20 கிலோமீட்டர் இருக்கும். குழந்தை வேலப்பர் கோயில்ல இருக்க சிலையை போகரு நவபாசாணத்துல செஞ்சதுன்னு ஊர்ல சொல்லுவாக. வழியில ஒரு வளைவுல வண்டியை நிப்பாட்டி எல்லாரும் ஊரைப் படம் எடுத்துட்டு அப்படியே திரும்பிருவான். நீ எறங்கி ஊருக்குள்ள நட. படிப்படியா வெட்டுன வயலு பூராம் வெள்ளைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுன்னு 2019-ல புவிசார் குறியீடு வாங்குனது. பிடுங்குனதும் தாளோட முடிச்சுக் கட்டி, கட்டுக் கட்டா உத்தரத்துல தொங்க விட்டு, அடுப்புப் பொகை போட்டு வைப்பாக. வருசக் கணக்குல கெடக்கும். ஒரு பல்லை நகத்துல கீறினாப் போதும், கண்ணு எரியும். ஒரு கெழவி வாசல்ல உக்காந்து காஞ்ச தோலை உள்ளங்கையில தேச்சு ஊதிக்கிட்டிருக்கும். வெலையைக் கேட்டு, "சூப்பர் மார்க்கெட்டுல இதுக்குப் பாதிதான்"னு சொல்லிறாத. அது நிமிந்து உன்னை ஒரு பார்வை பாக்கும் பாரு, எவர்ஷெட்டு துரையும் அப்படி உத்துப் பாத்திருக்க மாட்டாரு.

ஹோம்மேட் சாக்லேட்டும் வாங்காம போமாட்டீக. வாங்கு. எந்த ஹோம்ல மேடு பண்ணுனதுன்னு மட்டும் கேக்காத, கொக்கோ மரம் இந்தக் குளுருக்கு வராது. பொழுது சாஞ்சா காட்டுமாடு தெருவுக்குள்ள வரும். கருப்பா, தோள்பட்டை உன் தலை ஒசரத்துக்கு, கால்ல வெள்ளைச் சாக்ஸு போட்டாப்புல. வீட்டு எருமைன்னு நெனைச்சு பன்னு நீட்டாத, முட்டுனா தூக்கி வீசிரும். போன சீசன்ல ஒருத்தன் செல்பி எடுக்கக் கிட்டப் போனான். அது ஒரு அடிதான் திரும்புச்சு. அவன் ரோட்டோரச் சாக்கடையில கெடந்தபடியே போனை மட்டும் ஒசத்திப் பிடிச்சிருந்தான்.

இம்புட்டும் எழுதி வச்சுக்கிட்டியா? ஒண்ணையும் கேக்க மாட்டே, ஜீப்புக்காரன் ஒரே நாள்ல பன்னெண்டு எடம்னு சொன்னா அவன் பின்னாடிதான் போவே. போ. எறங்குறப்ப எங்க வீட்டு முன்னாடி எப்படியும் வண்டி நிக்கும், அத்தை காப்பி போட்டு வைப்பா, நம்ம தோட்டத்துக் கொட்டை. ஏறி வர்றப்ப மட்டும் வத்தலக்குண்டுல எறங்கி ரெண்டு கவுளி வெத்தலை வாங்கியாந்துரு. கொளுந்தாப் பாத்து வாங்கு, காம்பு கருத்திருந்தா வேணாம். இந்த மலையில எல்லாம் வெளையுது, அது ஒண்ணு வர மாட்டேங்குது.